டென்மார்க் காத்தாடியும் எங்கள் மச்சான் காடும்

காலை நடை முடித்து வந்து, காபி ஆறுவதற்குள் பேப்பரை ஒரு புரட்டு புரட்டிவிடுவது என் வழக்கம். போன ஆகஸ்ட் மாதம் (2025) எங்கள் ஊர்ப் பக்கம் முழுக்க அமெரிக்கா போட்ட 50 சதவீத வரியைப் பற்றித்தான் செய்தி. எங்கே ஆர்டர் நின்றது, யாருக்கு வேலை போகும் என்றே இருந்தது. அதையெல்லாம் தாண்டி உள்பக்கத்தில் சிறியதாக ஓர் இலங்கைச் செய்தி. மன்னார் தீவுக்குள் காற்றாலைப் பாகங்களை ஏற்றி வந்த பெரிய வண்டிகளை ஊர்மக்கள் மறித்திருக்கிறார்கள்.

மன்னாரில் ஏற்கெனவே 'தம்பபவனி' என்று ஒரு காற்றாலைப் பண்ணை ஓடுகிறது. 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட். ஆசிய வளர்ச்சி வங்கியின் கடன், டென்மார்க் கம்பெனியின் இயந்திரம், 2020 டிசம்பரில் திறப்பு விழா. இப்போது மறியல் நடந்தது அடுத்த கட்டமாக வரப்போகிறவற்றுக்கு. மக்கள் சொல்லும் காரணங்களில் வலசை வரும் பறவைகள் உண்டு, மீன்பிடித் தொழில் உண்டு. இன்னொன்று, முன்பு காற்றாலை போட்டதிலிருந்து மழைத் தண்ணீர் வடிய வழியில்லாமல் ஊருக்குள் தேங்குகிறது என்பது. அரசாங்கம் வேலையை ஒரு மாதம் நிறுத்திவைத்தது.

அந்தத் தண்ணீர் விஷயத்தில் என் கண் நின்றுவிட்டது. அங்கே யார் பக்கம் நியாயம் என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் பதினெட்டு வருஷமாக வீட்டில்கூடச் சொல்லாத ஒரு விஷயம் என்னிடம் இருக்கிறது. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் 1978 முதல் 2012 வரை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்த்தவன். கிளார்க்காகச் சேர்ந்து மேனேஜராக வெளியே வந்தேன். புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை விளக்கம்: எங்கள் பக்கத்தில் காற்றாலையைக் 'காத்தாடி' என்போம். மானாவாரி நிலத்தைக் 'காடு' என்போம். யானை இருக்கிற காடு இல்லை, சோளம் விதைக்கிற காடு.

1994ஆம் வருஷம் என் முதலாளி ஒரு நாள் திடீரென்று, "வாங்க, காத்தாடி பாத்துட்டு வரலாம்" என்று அம்பாசிடரில் ஏற்றிக்கொண்டு தெற்கே கிளம்பினார். அன்றைக்குக் கோயமுத்தூர், திருப்பூர் ஆலைக்காரர்கள் வட்டாரத்தில் இதே பேச்சுத்தான். கயத்தாறு, முப்பந்தல் இரண்டு இடமும் பார்த்தோம். கயத்தாற்றில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. காற்று வேட்டியைப் பிடித்து இழுக்கிறது. வெட்டவெளியில் வரிசையாக வெள்ளைக் காத்தாடிகள். அவை வந்ததில் டென்மார்க் அரசின் உதவி அமைப்பான டானிடாவுக்குப் பெரிய பங்கு என்று கூட வந்தவர் சொன்னார்.

எனக்கு டென்மார்க் என்றால் தரங்கம்பாடிக் கோட்டைதான் தெரியும். பால் பவுடரும் வெண்ணெயும் விற்கிற குட்டி நாடு நமக்கு எதற்குக் காத்தாடி தருகிறது என்று யோசித்தேன். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை இறுக்கியபோது டென்மார்க் ஆடிப்போய்விட்டது. அவர்கள் எரிசக்தியில் பத்தில் ஒன்பது பங்கு வெளியிலிருந்து வந்த எண்ணெய். அணு உலை கட்டலாமா என்று பல வருஷம் சண்டை போட்டு, 1985இல் வேண்டாம் என்று பாராளுமன்றத்திலேயே முடிவு செய்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது கடல் காற்று. அதைப் பிடித்தவர்களில் பெரிய விஞ்ஞானிகளைவிட உழவு வண்டி செய்கிற பட்டறைக்காரர்கள் அதிகம். வெஸ்டாஸ் என்கிற கம்பெனியின் பூர்வீகமே 1898இல் ஒரு கிராமத்துக் கொல்லுப்பட்டறைதான். இதைப் படித்தபோது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. எங்கள் திருப்பூரும் அப்படி வளர்ந்த ஊர்தானே.

இந்தியாவில் முதன்முதலாக 1986இல் சில கடலோர ஊர்களில் சோதனையாக நட்டார்கள். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காடு. அதற்கப்புறம்தான் டானிடா உதவியோடு கயத்தாறும் முப்பந்தலும். எங்கள் பல்லடம், உடுமலைப் பக்கமும் விட்டுவைக்கவில்லை. கேத்தனூர், சுல்தான்பேட்டை, பூளவாடி என்று மின்வாரியம் சோதனைக் காத்தாடிகள் போட்டது. 1993 வரை வாரியம் நட்டவை மொத்தம் 120, சேர்த்தால் 19 மெகாவாட்டுக்குக் கொஞ்சம் மேல். இன்றைக்குத் தமிழ்நாட்டில் காற்றாலை 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அந்த 19 இல்லாமல் இது வந்திருக்காது என்பது என் அபிப்பிராயம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசியில் ஆரம்பித்துப் புரட்டாசி வரை அடிக்கிற காற்று ஆதிகாலத்திலிருந்து அடிக்கிறதுதான். ஆடிக்காற்றில் அம்மி பறக்கும் என்று பழமொழி சொல்லிவிட்டு நாம் சும்மா இருந்தோம். அதில் கரண்ட் எடுத்தால் எத்தனை யூனிட் வரும் என்று அளந்து காட்ட ஆள் வேண்டியிருந்தது.

கயத்தாற்றில் ஒரு வாரிய இன்ஜினியரோடு அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். திருநெல்வேலிக்காரர். அவர் சொன்னது இப்போதும் நினைவிருக்கிறது. "டென்மார்க்ல அம்பது சைக்கிள்னா அம்பதுதான் நிக்கும் சார். இங்க சாயங்காலம் ஆச்சுன்னா நாப்பத்தெட்டுக்கு வந்துரும். மெஷினு பயந்துபோய்த் தானா நின்னுரும். காத்து அடிச்சுக்கிட்டே இருக்கும், இது சும்மா நிக்கும்." குளிர்தேசத்துக்குச் செய்த இயந்திரம். இங்கே வெயில், புழுதி, வோல்டேஜ் ஏற்ற இறக்கம். முதல் வருஷங்களில் ரொம்பப் படுத்தியிருக்கிறது. அப்போது பயிற்சி கொடுக்க வந்த டேனிஷ்காரர் ஒரு நோட்டுப் போட்டுக் கொடுத்தாராம். எப்போது நின்றாலும் மணி, நிமிஷம், காரணம் எழுத வேண்டும். காரணம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுத வேண்டும். "நம்ம தப்பா இருந்தாலும் எழுதச் சொல்லுதான் சார். எழுதுனாத்தான் அங்க மாத்திச் செய்வானாம்." அப்படி எழுதி எழுதித்தான் நம் ஊருக்கு ஏற்ற மாதிரி இயந்திரத்தை மாற்றினார்கள் என்றார். கணக்குப்பிள்ளையான எனக்கு அந்த நோட்டு கண்ணுக்குள்ளேயே நின்றது.

(பின்னால் 1998இல் சென்னையில் காற்றாலைக்கென்றே மத்திய அரசு ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கியதும் டென்மார்க் உதவியோடுதான். அதன் சோதனை நிலையம் அதே கயத்தாறில். அதே வருஷம் பொக்ரான் அணுகுண்டு வெடித்ததில் டென்மார்க்குக்கு நம்மேல் கோபம் வந்து உதவியைக் குறைக்க முடிவு செய்தது. 2003இல் சின்ன நாடுகளின் உதவி வேண்டாம் என்று நாமே சொல்லிவிட்டோம். புருலியா ஆயுத வழக்கு ஆளை அனுப்ப மாட்டேன் என்று அவர்கள் கோர்ட் சொன்னதில் கொஞ்ச வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். 2020 செப்டம்பரில் மறுபடியும் 'பசுமைக் கூட்டு' என்று இரண்டு பிரதமர்களும் அறிவிப்பு. சம்பந்தி வீட்டுச் சண்டை மாதிரித்தான். நடுவில் காத்தாடி மட்டும் நிற்காமல் சுற்றியது.)

இவ்வளவு தூரம் போய்ப் பார்த்துவிட்டு முதலாளி காத்தாடி வாங்கவில்லை. வருகிற வழியிலேயே சொல்லிவிட்டார், "வரியே கட்டாதவனுக்கு வரி மிச்சம் எதுக்கு?" அன்றைக்குக் காத்தாடி வாங்கினால் முதல் வருஷமே நூறு சதவீதம் தேய்மானம் எழுதலாம். லாபம் உள்ளவர்களுக்கு அதுதான் பெரிய ஈர்ப்பு. ஆனால் ஏற்றுமதி லாபத்துக்கு எண்பது ஹெச்ஹெச்சி பிரிவில் வரிவிலக்கு இருந்தது. எங்களுக்கு வரி என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. அந்த விலக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்து 2004-05 கணக்கு வருஷத்திலிருந்து அறவே எடுத்துவிட்டார்கள். அந்த வருஷம்தான் முதலாளிக்குப் பசுமை எரிசக்தி மேல் பற்று வந்தது. கிண்டலாகச் சொல்லவில்லை, நானே போட்டுக் கொடுத்த கணக்கு அது. அப்போது தேய்மானம் 80 சதவீதம். மார்ச் 31க்குள் காத்தாடி சுற்றிவிட்டால் அதில் பாதியாவது அந்த வருஷமே எழுதலாம். டிசம்பரில் முடிவெடுத்து மார்ச்சுக்குள் சுற்ற வேண்டும். 750 கிலோவாட் இயந்திரம் இரண்டு.

நிலம் வேண்டும். காற்று உள்ள நிலம், உடனே கிரயம் ஆகிற நிலம். கேத்தனூருக்குப் பக்கத்தில் என் அக்காவைக் கொடுத்த ஊர். மச்சானுக்கு அங்கே ஒன்பது ஏக்கர் காடு.

நான்தான் போய்ப் பேசினேன். ஏக்கர் இரண்டு லட்சம் என்று நாலு ஏக்கருக்கு முடிந்தது. அன்றைக்கு அந்த வட்டாரத்தில் அது நல்ல விலை, குறைத்து வாங்கவில்லை. மச்சானுக்கு அரைமனசு. கிணறு வற்றி நாலு வருஷம், பெரிய பெண்ணுக்குக் கல்யாணம் வைக்க வேண்டும். அக்கா என் முகத்தைப் பார்த்தது. மச்சான் கடைசியில், "நீங்க சொல்றீங்கன்னா சரீங்க மாப்ள" என்றார். அந்த வார்த்தைக்கு எடை அதிகம் என்று அப்போது உறைக்கவில்லை.

பிப்ரவரியில் இருநூறு டன் கிரேன் வர வேண்டும் என்று ராத்திரி பகலாக ரோடு போட்டார்கள். மச்சானுக்கு மிஞ்சிய ஐந்து ஏக்கருக்கும் விற்ற நாலு ஏக்கருக்கும் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. வருஷத்தில் பத்து நாள் தண்ணீர் போனால் அதிகம். மற்ற நாளில் ஆடு மேயும். அதன் குறுக்கே நாலடி உயரத்துக்குக் கிராவல் கொட்டி ரோடு போய்விட்டது. குழாய் வைக்கவில்லை. மார்ச் 29ஆம் தேதி காத்தாடி சுற்றியது. ஆபீசில் ஸ்வீட் கொடுத்தோம்.

இதற்குப் பிறகு வந்தது கார்பன் கிரெடிட். கியோட்டோ ஒப்பந்தம் 1997இல் போட்டாலும் 2005 பிப்ரவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. பணக்கார நாடுகள் தாங்கள் குறைக்க வேண்டிய புகைக்குப் பதிலாக, நம் மாதிரி நாடுகளில் குறைந்த புகையை விலைக்கு வாங்கிக் கணக்குக் காட்டலாம். ஒரு டன் கரியமில வாயு குறைந்தால் ஒரு சான்று. நிலக்கரி கரண்டுக்குப் பதில் காற்றுக் கரண்ட் என்பதால், எங்கள் வட்டாரத்தில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 900 கிராம் என்று கணக்கு. எங்கள் இரண்டு காத்தாடியும் வருஷத்துக்கு 30 லட்சம் யூனிட் சுற்றினால் 2,700 டன். டன் பத்து யூரோ என்றாலும் பதினாறு, பதினேழு லட்சம் ரூபாய். சும்மா வருகிற பணம்! தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கம் நிறைய ஆலைகளின் காத்தாடிகளை ஒரே கட்டாகக் கட்டி ஐ.நா.வில் பதிவு செய்தது. எங்களுடையது அது இல்லை, வேறு ஒரு சின்னக் கட்டு.

அதற்கு இரண்டு நிபந்தனை. ஒன்று, கார்பன் பணம் வரும் என்று நம்பித்தான் இந்தக் காத்தாடியே போட்டோம், இல்லாவிட்டால் போட்டிருக்க மாட்டோம் என்று நிரூபிக்க வேண்டும். எங்களைப் போட வைத்தது தேய்மானம் என்று எனக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். அதற்குத் தகுந்த வார்த்தைகளைக் கன்சல்டன்ட் எழுதிக்கொண்டார். அதைப் பற்றி இன்னொரு நாள். இரண்டாவது நிபந்தனைதான் என் கதை. சுற்றுவட்டார மக்களைக் கூட்டி, திட்டத்தை விளக்கி, அவர்கள் குறையைக் கேட்டு, அதற்கு என்ன செய்தோம் என்று அறிக்கையில் எழுத வேண்டும். காகிதத்தில் பார்த்தால் என்ன அருமையான ஏற்பாடு! எங்கோ ஐரோப்பாவில் ஒருவன் கொடுக்கிற காசுக்குக் கேத்தனூர்க்காரனிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்கிறார்கள். நம் ஊர் ஆபீஸ் எதுவும் அதுவரை அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

2007இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிள்ளையார் கோயில் திடலில் பந்தல், நாற்பது நாற்காலி, போண்டா, டீ. சென்னையிலிருந்து சட்டையை உள்ளே விட்ட ஒரு பையன் படம் போட்டு விளக்கினான். கூட்டத்தை நடத்தி நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிற வேலை எனக்கு. ஒரு பெரியவர் எழுந்து காத்தாடி மேகத்தைத் தள்ளிவிடுகிறதா, மழை குறைகிறதே என்றார். பையன் அதற்குப் பதில் வைத்திருந்தான். ஒருவர் மகனுக்கு வாட்ச்மேன் வேலை கேட்டார். பிறகு மச்சான் எழுந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "மாப்ள இருக்கறதுனால கேக்கறனுங்க. பள்ளத்துக்குக் குறுக்க ரோட்டப் போட்டுட்டீங்க. ஒரு குழாய் வெக்கலீங்க. ரெண்டு வருசமா நல்ல மழையில்ல, தெரியல. ஐப்பசி மழை புடிச்சுதுன்னா தண்ணி எங்கீங்க போகும்?" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "பாத்துக்கலாங்க மச்சான்" என்றேன்.

சாயங்காலம் குறிப்பை எழுத உட்கார்ந்தேன். மழைக் கேள்வி, அதற்குப் பதில். வேலைக் கேள்வி, அதற்குப் பதில். மூன்றாவதாகக் குழாய் என்று எழுத ஆரம்பித்தபோது அந்தப் பையன் பணிவாகத்தான் சொன்னான்: "சார், குறைன்னு எழுதினா என்ன நடவடிக்கைன்னும் எழுதணும். எடுத்த நடவடிக்கைக்குப் போட்டோ கேட்பாங்க. சரிபார்க்க வர்ற ஆள் அதையே பிடிச்சுக்குவார். ஆறு மாசம் தள்ளிப்போகும்." யாரும் என்னை மிரட்டவில்லை. முதலாளிக்கு இப்படி ஒரு கேள்வி வந்ததே தெரியாது. அந்த வரியை அடித்துவிட்டு, கடைசியில் 'மக்கள் திட்டத்தை வரவேற்றனர், எதிர்மறையான கருத்து எதுவும் எழவில்லை' என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை ஆங்கிலத்தில் மாற்றிச் சேர்த்துக்கொண்டார்கள். இந்த மாதிரி அறிக்கையெல்லாம் ஐ.நா.வின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம் என்று பிறகு தெரிந்தது. உலகம் முழுக்கப் படிக்கிற இடத்தில் என் கையெழுத்தோடு ஒரு பொய்.

பைப் மூன்று உருப்படி, மண் வேலை, கூலி. அன்றைய விலையில் முப்பதாயிரம் ரூபாயைத் தாண்டியிருக்காது. முதலாளியிடம் அடுத்த வாரமே கேட்டிருந்தால் சரி என்றிருப்பார். கேட்க வேண்டும் என்று டைரியில்கூட எழுதிவைத்தேன். சீசன் வேலை, ஷிப்மென்ட், வருஷக் கணக்கு. தள்ளிப்போய்விட்டது.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற நேரம். ரோட்டுக்கு மேற்கே குளம் கட்டினாற்போல் நின்று, மச்சானின் இரண்டு ஏக்கரில் ஒன்பது நாள் தண்ணீர். கரிசல் மண், சீக்கிரம் உறிஞ்சாது. வேர் அழுகிப் போயிற்று. அக்காதான் போன் செய்தது. "பயிரு போச்சுடா தம்பி" என்றது, அவ்வளவுதான். ஓடினேன். முதலாளியிடம் சொன்னேன். அவர் பராமரிப்புக் கம்பெனியைக் கேட்கச் சொன்னார். அவர்கள் ரோடு எங்கள் பொறுப்பில் இல்லை என்றார்கள். யாரும் மறுக்கவில்லை, யாரும் செய்யவும் இல்லை. மச்சான் தானே ஆள் வைத்துத் தன் காட்டுக்குள்ளேயே சுற்றி ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டார். அதில் அரை ஏக்கர் போயிற்று.

அவர் என்னிடம் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் மகள் கல்யாணத்துக்கு வந்தார், செய்ய வேண்டிய முறை எல்லாம் செய்தார், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார், போனார். 'மாப்ள' என்று மட்டும் கூப்பிடவில்லை.

கார்பன் பணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2008இல் ஒரு சான்று இருபது யூரோவுக்கு மேல் போனது. எங்கள் கட்டு பதிவாகி, சரிபார்த்து, முதல் பணம் வந்து சேர்வதற்குள் விலை இறங்கத் தொடங்கிவிட்டது. 2012 கடைசியில் ஒரு யூரோவுக்கும் கீழே. ஐரோப்பாவில் தொழில் மந்தம், சான்றுகள் மலைபோல் குவிந்துவிட்டன, வாங்க ஆளில்லை. கன்சல்டன்ட்டுக்கும் சரிபார்த்தவருக்கும் கொடுத்தது போக எங்களுக்கு நின்றது ஒரு வருஷ ஆபீஸ் போன் செலவுக்குக் காணும். இதற்காகவா அந்த வரியை அடித்தேன் என்று பல ராத்திரி நினைத்ததுண்டு.

ஆனால் காத்தாடியைக் குறை சொல்ல மாட்டேன். 2008லிருந்து 2013 வரை எங்கள் ஊர் பட்ட மின்வெட்டு, அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். 2012இல் நாளுக்குப் பாதி நேரம் கரண்ட் இல்லை. டீசல் ஊற்றி ஜெனரேட்டர் ஓட்டியே நொடித்துப்போன சின்ன யூனிட்டுகள் எத்தனை! அந்த நாட்களில் காற்று சீசன் வந்தால்தான் மூச்சு வரும். எங்கள் இரண்டு காத்தாடியின் யூனிட்டும் வாரியக் கம்பி வழியாக வந்து எங்கள் பில்லில் கழியும். கம்பெனி நின்றது அதனால்தான் என்று கணக்குப் பார்த்த நான் சொல்கிறேன்.

2011 நவம்பரில் திருப்பூரில் ஒரே ராத்திரி மழையில் ஜம்மனை ஓடை பொங்கி வீடுகளையும் ஆட்களையும் அடித்துக்கொண்டு போனது. அடுத்த நாள் ஆபீசில் எல்லாரும் ஓடையை அடைத்தவர்களைத் திட்டினார்கள். நான் லெட்ஜரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதில் ஒரு நல்லதும் நடந்தது. அக்கா மகன் ஐடிஐ முடித்துவிட்டுச் சும்மா இருந்தவன், கிரேன் வந்தபோது வேடிக்கை பார்க்கப் போய் ஹெல்ப்பராக ஒட்டிக்கொண்டான். இன்றைக்கு உடுமலைப் பக்கம் காத்தாடி சர்வீஸில் சைட் இன்சார்ஜ். கியர்பாக்ஸ் சத்தத்தைக் கீழே நின்று கேட்டே எந்தப் பேரிங் போயிற்று என்பான். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இயந்திரங்களுக்குக் கோயமுத்தூர்ப் பட்டறையில் பார்ட்ஸ் செய்து வாங்கி ஓட்டுகிறார்கள். செய்த கம்பெனியே சில மாடல்களை மறந்துவிட்டது, இவர்கள் மறக்கவில்லை. அவனிடம் கயத்தாறு நோட்டுக் கதையைச் சொன்னேன். "இப்பவும் அதேதானுங்க மாமா, கம்ப்யூட்டர்ல எழுதறோம்" என்றான்.

போன மாதம் சின்னவரிடமிருந்து போன். முதலாளியின் மகன், இப்போது அவர்தான் நடத்துகிறார். "அண்ணா, கேத்தனூர் காத்தாடி டாக்குமென்ட் உங்களுக்குத்தான் தெரியும். கொஞ்சம் வாங்க." காத்தாடிக்கு இருபது வருஷம் முடிந்துவிட்டது. தமிழ்நாடு அரசு 2024இல் பழைய காத்தாடிகளை எடுத்துவிட்டுப் பெரிதாகப் போட ஒரு கொள்கை கொண்டுவந்திருக்கிறது. இரண்டையும் கழற்றிவிட்டு அதே இடத்தில் இரண்டு மெகாவாட்டுக்கு மேல் ஒரே காத்தாடி போட யோசிக்கிறார். அமெரிக்கா கையை விரித்தபின் எல்லாருக்கும் ஐரோப்பாவும் இங்கிலாந்தும்தான் கதி. அங்குள்ள பையர், துணி எந்தக் கரண்டில் நெய்தாய் என்று கேட்கிறான். டென்மார்க்காரன் அன்றைக்கு இயந்திரம் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தான். கியோட்டோ காலத்தில் புகையை விலைக்கு வாங்கினார்கள். இப்போது பணமும் இல்லை, பாடமும் இல்லை, கேள்வித்தாள் மட்டும் வருகிறது. கொஞ்சம் கடுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கேள்வித்தாளைப் புரட்டியபோது பதினோராம் பக்கத்தில் ஒரு கட்டம்: 'திட்டப் பகுதி மக்கள் தெரிவித்த குறைகள்.'

பெரிய காத்தாடிக்குப் பெரிய கிரேன். ரோட்டை அகலப்படுத்தியே ஆக வேண்டும். சின்னவரிடம் 2007 கதையை முழுக்கச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்பாவுக்குத் தெரியுமாண்ணா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். "எழுதுங்க" என்றார்.

எழுதினேன். ரோடு உயர்த்திய வருஷம், தண்ணீர் நின்ற பரப்பு, நாள் கணக்கு, கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்வி, அதைக் குறிப்பில் சேர்க்காதது யார் என்பது வரை. அதைப் பையருக்கு அனுப்புவாரா, அனுப்பினால் என்ன ஆகும் என்பது அவர் பாடு. ஆனால் ரோடு வேலைக்கான எஸ்டிமேட்டில் குழாய் ஏறிவிட்டது, அதை என் கண்ணால் பார்த்தேன்.

அந்த எஸ்டிமேட்டின் நகலை எடுத்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். மச்சானுக்கு எழுபத்தெட்டு ஆகிறது. கண்புரை ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் காகிதத்தை நீட்டினேன். வாங்கவில்லை, கண் தெரியாதே. படித்துக் காட்டினேன். 2007இல் எழுதாமல் விட்டதையும் சொன்னேன். அக்கா உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றது. மச்சான் பள்ளம் இருக்கிற திசையில் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டடிக் குழாயா, மூணடியா?" என்றார்.

"மூணடிங்க மச்சான். ரெண்டு வரிசை."

"எழுதியிருக்குதுங்களா மாப்ள?"

"எழுதியிருக்குதுங்க."

"மறுக்கா ஒருக்காப் படிங்க" என்றார். படித்தேன்.